புள்ளி நூற்றுப் பதினேழு

படம் எடுத்தது பங்குனியில்.
காடு இலை கொட்டி நிற்கிற மாதம்.
மேலே சுற்றுகிற கண்ணுக்கு
வெக்காளியும் உசிலும் தரிசு.
ஆயிரத்து இருநூறு அடியிலிருந்து
தண்ணீர் இழுக்கிற
ஒடுகத்தூர்த் தென்னைகள் காடு.

அந்தக் கண்ணைத் திருத்துவது என் வேலை.
புள்ளிக்கு எண்பது ரூபாய்,
பெட்ரோல் என் கைக்காசு.
குறியீடுகள் ஆறு:
காடு, தோப்பு, பயிர், தரிசு, கட்டடம், நீர்.
இதில் எதிலும் சேராமல்
ஒரு அடி நிலம்கூட இருக்கக் கூடாது.

பழைய வரைபடத்தில் ஏரி,
புதிய படத்தில் காடு என்றிருந்த இடத்துக்குள்
இறங்கிப் பார்த்தேன்.
கரையிலிருந்து கரைவரை வேலிகாத்தான்.
துப்பட்டா கிழிந்தது.
முள்ளுக்கென்று குறியீடு இல்லை,
காடு என்றே போட்டேன்.
மாவட்டத்தின் காடு அன்றைக்கு
நாற்பது ஏக்கர் கூடியது.

அணைக்கட்டு தாண்டி ஒரு வேர்க்கடலைக் கொல்லை.
மஞ்சள் கல், மஞ்சள் கல், மஞ்சள் கல்,
வாசலில் வளைவு, வளைவில் 'பசுமை நகர்'.
வீடும் இல்லை, விளைச்சலும் இல்லை.
அங்கே கொஞ்சம் அதிக நேரம் நின்றேன்.
எங்கள் கொல்லையும்
இப்படித்தான் கல்லானது.
நான் படித்த படிப்பு
அதில் இரண்டரை மனை.

நூற்றுப் பதினேழு மலையடிவாரத்தில்.
படம் சொல்கிறது: தரிசு.
பங்குனியின் பொய், எனக்குத் தெரியும்.
காடு என்று திருத்தத்தான்
ஆனி வெயிலில் ஏறினேன்.

முப்பத்தோரு அடிமரங்கள்.
வெட்டுவாயில் ஈரம் காயவில்லை.
ஒன்றில் மட்டும் அவசரமாய் ஒரு சிவந்த துளிர்.
இடையிடையே மாங்கன்றுக்கு வெட்டிய குழிகள்,
ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு கூடை எரு.

"இன்னாம்மா, கவர்மெண்டா?" என்று வந்தவர் சம்பங்கி.
தோளில் துண்டு, காதில் பீடி.
"பொண்ணு வேலூர்ல நர்சிங் ரெண்டாம் வருஷம் படிக்குது.
சும்மா கீற மரம்மா இது, பூவா காயா?
காடுன்னு மட்டும் எழுதிடாத."

கருவி சொன்னது: பிழை, நான்கு மீட்டர்.
நான்கு மீட்டருக்குள்தான் இருந்தது
வனத்துறையின் எல்லைக்கல்,
சுண்ணாம்பு புதுசு,
அடியில் மண் இளக்கம்.
கீழே பதினோரு எட்டில்
சதுரமாய் வெளிறிய ஒரு தரை,
புல்லுக்கு இன்னும் தகவல் போகவில்லை.
நான் பார்ப்பதை அவர் பார்த்தார்.
இருவரும் மழையைப் பற்றிப் பேசினோம்.

படம் பொய்தான் சொன்னது.
நான் மெய்யைத் தூக்கிக்கொண்டு ஏறுவதற்குள்
பொய்யை உண்மையாக்கி வைத்திருந்தார்கள்.
தரிசு என்று எழுதினேன்.
வேறு எதை எழுத?
மூன்று ஆடி போனால்
கன்று தழைத்து, அடுத்த படத்தில்
இதே இடம் காடு.
அதைத் திருத்த எவளோ ஒருத்தி வருவாள்.
அவளுக்குப் புள்ளிக்கு நூறாவது கிடைக்கட்டும்.

'குறிப்பு' என்று ஒரு கட்டம்,
சில எழுத்துகளுக்கு மேல் ஏற்காது.
எல்லைக்கல் நகர்த்தப்ப
என்பதோடு நின்றுவிட்டது.
அழிக்கவில்லை. சுருக்கவும் இல்லை.

ஒடுகத்தூர் வந்துதான் சிக்னல் வந்தது.
நூற்றுப் பதினேழு: படமும் களமும் பொருத்தம்.
கூடவே ஒரு தவறிய அழைப்பு.
கிளம்பும்போது என் எண்ணை வாங்கியிருந்தார்.
எடுத்தால் என்ன எழுதினாய் என்று கேட்பார்.

வண்டியின் பின்னால்
ஒரு பை பெங்களூரா மாம்பழம்.
அவர் கட்டிவிட்டது.
வேண்டாம் என்றுதான் சொன்னேன்,
இரண்டு முறை.